சிரமதானச் செம்மல்

உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியவர்களுள், கோயில் பரிபாலன சபையில் ஓர் ஆசனம் தேடுவோரும், மாலை வேளையில் உட்துறைமுக வீதியிலே கடற்காற்று வாங்குவதோடு திருப்தியடைவோரும் எங்கள் திருகோணமலையில் மலிந்து காணப்படினும், இவ்விரு கூட்டத்திலும் சேராமல், குளங்களைச் சுத்தம் செய்விப்பதற்கென்றே ஆண்டவன் தம்மை இன்னும் சில காலம் விட்டுவைத்திருக்கிறான் என்ற திடசித்தத்தோடு உலாவரும் வர்க்கத்தார் சிலர் உளர். அவர்களுள் ஒருவரைக் கண்டால் எல்லாரையும் கண்டதாகும். சிரமதானச் செம்மல் என்று நான் மனத்துக்குள் நாமகரணம் செய்து வைத்திருக்கும் இப்பெரியவர், கிண்ணியாவிலும் இருக்கிறார், நிலாவெளியிலும் இருக்கிறார். சால்வையின் கரைதான் ஊருக்கு ஊர் வேறுபடும்.

கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியராயிருந்த ஆரியரத்ன, 1958ஆம் ஆண்டிலே தம் மாணாக்கரைப் பின்தங்கிய கிராமமொன்றுக்கு அழைத்துச்சென்று, தாமும் மண்வெட்டி பிடித்துத் தொடக்கிவைத்த சிரமதான இயக்கத்தின் நேர்வாரிசு தாமே என்பது செம்மலின் நம்பிக்கை. மண்வெட்டி மட்டும் இடையில் எங்கேயோ தவறிவிட்டது. அதற்குப் பதிலாக அவரிடம் ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. பெப்ரவரி 2 ஈரநில தினம். மார்ச் 22 தண்ணீர் தினம். ஜூன் 5 சுற்றாடல் தினம். செப்டெம்பர் மூன்றாம் சனிக்கிழமை கரையோரத் துப்புரவு. இவற்றுக்கு இடைப்பட்ட நாட்களில் குளத்தில் விழும் குப்பை அவருடைய நிர்வாகத்துக்கு உட்பட்டதன்று.

அவருடைய பிரதான க்ஷேத்திரம் கந்தளாய்க் குளம். கடல் சூழ்ந்திருந்தும் குடிப்பதற்கு அதில் ஒரு மிடறு உதவாத எங்கள் பட்டினத்துக்கு, ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர் அப்பாலிருந்து குழாய்வழி வந்து தாகம் தீர்ப்பது அக்குளத்து நீரேயாதலால், அவர் அங்கே எழுந்தருள்வதற்கு நியாயம் இல்லாமலில்லை. அக்குளத்தைக் கட்டியவன் குளக்கோட்டன் என்று கோணேசர் கல்வெட்டை ஆதாரம் காட்டுவோரும், ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி என்று சூளவம்சத்தை ஆதாரம் காட்டுவோரும் ஒரே சபையில் வீற்றிருக்கக்கூடும் என்பதை நன்கறிந்த செம்மல், எதிரிலிருக்கும் முகங்களை ஒருமுறை நோட்டமிட்ட பின்னரே கட்டியவன் பெயரைத் தீர்மானிப்பார். இருதிறத்தாரும் சமபலமாயிருப்பின், "நம் முன்னோர்" என்று சொல்லித் தப்பிவிடுவார். குளத்துக்கு உரிமை கொண்டாட இத்தனை வமிசங்கள் முன்வருகையில், கரையில் கிடக்கும் ரெஜிபோம் பெட்டிகளுக்குப் பூர்வீகம் சொல்லத்தான் ஒருவரையும் காணோம்.

வைபவம் எட்டு மணிக்கு என்றால், ஏழு மணிக்கே இரண்டு மருத மரங்களுக்கிடையே பதாகை ஏறிவிடும். சோறு பொதியும் பொலித்தீன் தாளையும், விழா அலங்காரத்துக்குப் பொலித்தீன் உபயோகிப்பதையும் அரசாங்கம் 2017 செப்டெம்பர் முதல் தடைசெய்திருக்கும் செய்தியை அவர் கம்பீரமாக எடுத்துரைக்கும்போது, அவருடைய சிரசுக்கு மேலே படபடத்துக்கொண்டிருக்கும் அந்த நீண்ட வஸ்து எதனால் ஆனது என்று கேட்கும் துணிவு கிராம உத்தியோகத்தருக்கும் வருவதில்லை. பிரசங்கம் முடிந்ததும் புதுக் கையுறை அணிவார். அணிந்த கையை நீட்டுவார்.

"தம்பி, நல்ல ஊத்தைப் போத்தலாப் பாத்து எடுத்துக்கொண்டு வா. இது இப்பதான் கடையில வாங்கினது போலக் கிடக்கு."

அந்தப் போத்தலை அவர் குனிந்து எடுப்பதும், புகைப்படக்காரன் திருப்தியடையாமையால் மீண்டும் கீழே வைத்து எடுப்பதுமாக நடைபெறும் கிரியை முடிவதற்குள், பாடசாலைப் பிள்ளைகள் அரைக்கரையைக் கூட்டி உரப்பைகளில் கட்டிவிட்டிருப்பார்கள்.

குளத்துநீரை மூடிப் படரும் ஆற்றுவாழையைப் பற்றி அவர் சொல்லும் சரித்திரம் தனிச்சுவை வாய்ந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் எங்கள் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தார்களல்லவா. அந்த விமானங்கள் பச்சைப் புல்வெளியென்று மயங்கிக் குளத்தில் இறங்கி மூழ்கட்டும் என்றே வெள்ளைக்காரன் இச்செடியை வளர்த்தானாம். இதை ஒழிப்பதற்கென்று 1909இலேயே இத்தீவில் சட்டம் பிறந்துவிட்டதே, முப்பத்துமூன்று வருஷத்துக்கு முன்பேயா பொறி வைத்தான் என்று ஓர் ஆசிரியை விநயமாகக் கேட்டபோது, செம்மல் சிறிதும் தளராமல், "வெள்ளைக்காரன் முன்யோசனைக்காரன், பிள்ளை" என்றார்.

அச்செடியைத் தம் கையால் இழுத்துப் பார்த்தவர்களின் ஞானம் வேறு. ஊதிய காம்பு முறிந்து கையில் நீர் வழியும். கறுத்து நீண்ட வேர்ச்சடையிலிருந்து சிறு நத்தைகளும் துடிக்கும் இறாற்குஞ்சுகளும் உதிரும். ஒன்றை இழுத்தால் தண்டோடு தண்டாகக் குட்டிச் செடிகள் நான்கைந்து கூடவே வரும். பிடுங்கியதை நீர்மட்டம் எட்டாத மேட்டில் ஏற்றி உலர்த்தாவிட்டால் முதல் மழையிலேயே அது குளத்துக்குத் திரும்பிவிடும். சேற்றில் புதைந்த விதையோ இருபது வருஷம்வரை முளைக்கும் சக்தியை இழப்பதில்லை. செம்மலோ, ஒளி நன்றாக விழும் இடமென்று நீரோரத்திலேயே குவிக்கச் சொல்வார்.

எனினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது அநீதியாகும். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி, விடியுமுன் கந்தளாய் அணை உடைந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்ட கதையைச் சொல்லும்போது மாத்திரம் அவர் புகைப்படக்காரனைத் தேடுவதில்லை. கட்டின்மேல் பாரவாகனம் ஏற்றாதேயுங்கோ, கட்டிலே மரம் வேரோட விடாதேயுங்கோ, ஈரம் கசிவதைக் கண்டால் அன்றைக்கே நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குச் சொல்லுங்கோ என்று அவர் கூறும் அந்தச் சில நிமிஷங்களில், இந்த மனிதர் இப்படியே எப்போதும் பேசினால் என்ன என்று தோன்றும். கேட்க வேண்டியவர்கள் அதற்குள் பணிசுக்கும் பிளேன்ரீக்கும் வரிசையில் நின்றுவிடுவார்கள்.

அண்மையில் அவருக்கு ஒரு சோதனை நேர்ந்தது. குளக்கரைக் கிராமமொன்றின் மாதர் சங்கத்தினர், யாரிடமும் சொல்லாமல், முதல்நாளே கரை முழுவதையும் துப்புரவாக்கி, மூட்டைகளைப் பிரதேச சபையின் ட்ரக்டருக்காக வரிசையாக அடுக்கி வைத்துவிட்டார்கள். பதாகையோடும் பரிவாரத்தோடும் வந்திறங்கிய செம்மல், ஒரு மிட்டாய்த் தாள்கூட இல்லாத கரையைப் பார்த்து, பந்தியில் இலை போடப்படாத விருந்தாளியின் முகத்தோடு நெடுநேரம் நின்றார். பின்பு சங்கத் தலைவியாகிய மூதாட்டியிடம் குரலைத் தாழ்த்தி,

"அக்கா, வேற எங்கயாவது கொஞ்சம் மிச்சம் கிடக்கோ?" என்று வினவினார்.

"இல்லை ஐயா. வேணுமெண்டால் அந்த மூட்டையளுக்குப் பக்கத்தில நிண்டு படம் எடுங்கோ. எடுத்துப்போட்டு இருந்த இடத்திலேயே வைச்சிடுங்கோ, எண்ணி வைச்சிருக்கிறம்."

படம் எடுக்கப்பட்டது. மாலையில் ட்ரக்டர் வந்தபோது மூட்டைகளில் ஒன்று குறைந்தது. அது செம்மலின் வாகனத்திலே, அடுத்த வைபவத்துக்கென்று பத்திரமாகப் பிரயாணம் செய்துகொண்டிருந்தது.