கணினிக்குப் பல் பார்க்கும் முறை: ஒரு போச்சம்பள்ளி ஆராய்ச்சி

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஆட்டின் வயதை விற்பவரிடம் கேட்டு நம்புவார் இல்லை. வாயைப் பிளந்து 'ரெண்டு பல்லு', 'நாலு பல்லு' என்று முடித்துவிடுவார்கள். எட்டும் முளைத்திருந்தால் 'கடை சேர்ந்தது'. அதற்குமேல் வயது கேட்பது வீண். சிப்காட்டில் மின் ஸ்கூட்டர் ஆலை வந்த பின்னும் இந்த முறை மாறவில்லை. யூனிக்ஸ் கணினியின் மாடலை அறியவும் இந்த முறை பொருந்துமா என்பதே நம் ஆய்வுப் பொருள்.

'யூநேம்' கட்டளை போதாதோ எனின், போதாது. லினக்ஸில் அது கெர்னலின் பெயரையும் செயலியின் இனத்தையும் சொல்லும், மாடலைச் சொல்லாது. 'இது ஆடு' என்று சொல்லத் தரகர் எதற்கு?

மேலும், ஒவ்வோர் இனமும் ஒவ்வொரு சொல்லுக்குத்தான் வாய் திறக்கும். எச்பி-யூஎக்ஸில் 'மாடல்' என்றாலே போதும். சோலாரிஸுக்கு 'பிஆர்டிடயாக்', ஐரிக்ஸுக்கு 'எச்இன்வி', மேக்குக்கு 'சிஸ்சிடிஎல்'. தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் மாவட்டத்தாருக்கு இதில் வியப்பில்லை. ஆகவே ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுபவர் முதலில் யூநேமால் இனம் பிரித்து, 'கேஸ்' கட்டளையில் தனித்தனியே கட்டிவைத்து, பிறகே பல்லைப் பிடிக்க வேண்டும்.

லினக்ஸ் பிசியில் பல் இருக்கும் இடம், வன்பொருள் விவரங்களை பயாஸ் தரும் டிஎம்ஐ அட்டவணை. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லெனோவோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்தக் கம்பெனிக்கு ஒரு வழக்கம் உண்டு: 'ப்ராடக்ட் நேம்' கோப்பில் எண்ணும் எழுத்துமாக ஒரு குறியீடுதான் இருக்கும், நாம் அறிந்த பெயர் 'ப்ராடக்ட் வெர்ஷன்' கோப்பில் ஒளிந்திருக்கும். இரண்டையும் படிக்காத ஸ்கிரிப்ட் அரைகுறைத் தரகர். தொடர் எண்ணைப் பார்க்கவோ ரூட் அனுமதியே வேண்டும்.

உள்ளூரில் பூட்டிய பிசிக்களின் கதை வேறு. மாடல் பெயர் கேட்டால் பல, 'டு பி ஃபில்ட் பை ஓ.இ.எம்.' என்கின்றன. தயாரிப்பாளர் பின்னால் நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்ட கட்டம், நிரப்பப்படாமலே விற்பனைக்கு வந்துவிட்டது. மெய்நிகர்க் கணினிகள் இன்னும் மோசம்: கியூஇஎம்யூவில் நேற்றுப் பிறந்தது கூசாமல் '1996' என்று ஆண்டு சொல்லும். ஆட்டுக்குப் பல் தானாக முளைக்கிறது. டிஎம்ஐயில் இருப்பதோ ஒருவர் எழுதிவைத்தது.

எனவே பழைய மடிக்கணினி வாங்குவோர் ஸ்கிரிப்ட் சொன்னதையும் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரையும் ஒத்துப் பார்த்த பிறகே பணத்தை எடுக்கவும். இரண்டும் முரண்பட்டால் ஸ்க்ரூடிரைவரால் திறந்து, மதர்போர்டில் அச்சிட்ட எண்ணைப் படிக்கவும். அதை பயாஸில் போய் யாரும் திருத்த முடியாது.