சிங்கம் கைமாறிய கதை

கேள்வி: கர்ஜிக்கும் சிங்கத்தோடு படம் தொடங்குமே, அந்த எம்.ஜி.எம். இப்போது யார் கையில்?

பதில்: அமேசான் கையில். 2022இல் சுமார் 850 கோடி டாலருக்கு வாங்கினார்கள். அதற்கு முன்பு கிர்க் கெர்கோரியன் என்ற லாஸ் வேகாஸ் ஓட்டல் முதலாளி அதை மூன்று முறை வாங்கி, மூன்று முறையும் விற்றார்! அவர் காலத்தில், 1970இல் நடந்த ஸ்டுடியோப் பொருட்களின் ஏலத்தில் 'தி விஸார்ட் ஆஃப் ஓஸ்' படத்தில் ஜூடி கார்லண்ட் போட்ட சிவப்புக் காலணி 15,000 டாலருக்குப் போனது. 1986இல் ஸ்டுடியோவை வாங்கிய தொலைக்காட்சி அதிபர் டெட் டர்னர், கடன் கழுத்தை நெரிக்க, சில மாதங்களிலேயே அதை விற்றுவிட்டு, பழைய படங்களை மட்டும் மடியில் முடிந்துகொண்டார். விவரமான ஆள்! டர்னரின் நிறுவனம் பிறகு வார்னரோடு இணைந்ததால்தான், அந்தப் பழைய படங்களில் ஒன்றான 'கான் வித் தி விண்ட்' இன்று வார்னர் பிரதர்ஸ் வசம். அமேசான் காசு கொடுத்துச் சிங்கத்தை வாங்கியும் அந்தப் படம் கூட வரவில்லை.