தட்டைத் திருப்பும் நேரம்

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் கல்யாண வீட்டுக்கு முதலில் வந்து சேரும் பெரிய மனிதர் மைக் செட்காரர்தான். அவர் தென்னை மரத்தில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி, மைக்கைத் தட்டிப் பார்த்து, விடியற்காலையில் முதல் காரியமாக நாதஸ்வரத் தட்டைச் சுழலவிடுவார் என்பது அறுபதுகளில் அரைக்கால் சட்டை போட்டிருந்தவர்களுக்கெல்லாம் நினைவிருக்கும். நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956லேயே காலமாகிவிட்டார் என்ற தகவல் அந்த ஸ்பீக்கருக்கு மட்டும் எட்டவில்லை. அவருடைய தோடி ராகம் முகூர்த்தம் தவறாமல் வந்து, வாய்க்காலைத் தாண்டி வயல்வெளி வரைக்கும் போகும்.

அதற்குத் தோடி என்று பெயர் இருப்பதே தெரியாதவர்கள்தான் அதை நன்றாகக் கேட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. நாற்றுக்கட்டோடு போகிறவர் வரப்பில் நின்றுவிடுவார். கன்றை இழுத்துக் கட்ட வந்த அத்தை கயிற்றைப் பிடித்தபடி மெய்மறக்க, அன்றைய பாலெல்லாம் கன்றுக்கே போய்விடும். அந்த 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும். ராகம் மேலே ஏறுகிற சமயம் பார்த்து முள் கரகரக்க, கையாள் பையன் தட்டைத் திருப்பி, முள்ளை மாற்றி, சாவி கொடுத்து முடிக்கும்வரை வரப்பில் நின்றவர் நகரமாட்டார். மிச்சத் தோடியை அதற்குள் அவரவர் மனசுக்குள் வாசித்துப் பார்த்துக்கொண்டார்கள் போலும்.

நானோ பிறகு சென்னைக்குப் படிக்க வந்து, சபாக்களின் கடைசி வரிசையில் தொடை சிவக்கத் தாளம் போட்டு, பாடகர் வாயைத் திறந்ததுமே "ஹனுமத்தோடி, எட்டாவது மேளம்" என்று முன்வரிசை வரை கேட்கும்படி அறிவிக்கிற இளைஞனானேன். சட்டைப்பையில் ராகப் பட்டியல் எழுதிய நோட்டு வேறு. நோட்டு நிறைய நிறைய, வரப்பில் நிற்கிற வித்தை மட்டும் கைவிட்டுப் போயிற்று.

அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. சாமி புறப்பாட்டில் மல்லாரி தொடங்கி விடியவிடியத் தெருவில் நின்று வாசித்த வித்வானின் கால்வலியைப் பற்றி, கண்ணை மூடிக் கேட்ட நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை. மேடையில் உட்கார்ந்து வாசிப்பதையே ராஜரத்தினம் பிள்ளை அடம்பிடித்துத்தான் பெற வேண்டியிருந்தது. இன்றைக்கு கிளீவ்லாந்தில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கிறது, நியூஜெர்சிக் குழந்தை மயிலாப்பூர் டீச்சரிடம் ஜூமில் சரளி வரிசை பாடுகிறது, தம்புரா போனுக்குள் போய் உட்கார்ந்த பிறகு கம்பி அறுவதே இல்லை. எல்லாம் நல்லதுக்குத்தான்.

அதே தோடியும் என் போனில் இருக்கிறது. திருப்ப வேண்டாம், சாவி வேண்டாம். ஆனால் விரல் சும்மா இருந்தால்தானே? ஆலாபனை சூடு பிடிப்பதற்குள் இன்னொருவரின் கல்யாணிக்குத் தாவி, அங்கிருந்து பைரவிக்குப் போய், எதையும் முழுதாகக் கேட்காமலே எல்லாம் கேட்டாயிற்று என்று படுக்கப் போகிறேன். நடுநடுவே முழங்கால் தைல விளம்பரம் வருகிறது. அது வேண்டாமென்றால் மாதச் சந்தா கட்டிவிடலாம் என்கிறான் பேரன். கட்டலாம்தான். ஆனால் ராகத்தை நிறுத்தி என்னைக் கொஞ்சம் காக்கவைக்க இன்றைக்கு மிஞ்சியிருப்பவன் அந்தத் தைலக்காரன் ஒருவன்தானே, அவன் பிழைப்பைக் கெடுப்பானேன்!