மருமவனே, படிக்குச் சக்கரம் வை!

வா மருமவனே, உக்காரு. ஏன் மூஞ்சி தொங்குது? சர்வேயர் டேப்பு புடிச்சுகினு வந்து, உன் கடைச் செவுத்துல சிவப்பு பெயிண்டால கோடு இழுத்துட்டுப் போனாராமே. ரோட்டை அகலப்படுத்தலைன்னா மறியல்னு மேடவாக்கம் கூட்டு ரோட்டுல மைக்கு புடிச்சவன் நீதானே? உன் குரல் கவருமெண்டு காதுல விழுந்துடுச்சுடா. சந்தோஷப்படு.

இந்த மேடவாக்கம் பாலத்துக்கும் இப்படித்தான் வருஷக்கணக்கா கத்தினோம். 2022 மே மாசம் முழுசா தொறந்தாங்க. ரெண்டு கிலோமீட்டர் நீளம், 95 கோடி செலவு. நல்ல பாலம்தான், நான் குத்தம் சொல்லலை. வேளச்சேரிப் பக்கம் ஏறினவன் மாம்பாக்கம் ரோடு, சோழிங்கநல்லூர் ரோடு எல்லாத்தையும் தாண்டிப் பறக்கறான். பறந்துபோய் கேம்ப் ரோடு சிக்னல்ல இஞ்சினை அணைச்சுட்டு உக்காந்திருக்கான். பாலத்துக்குக் கீழே மெட்ரோக்காரன் தகரம் அடைச்சு வெச்சிருக்கான். அது முடிஞ்சா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்க. சொல்லட்டும்.

சரி, உன் கதைக்கு வருவோம். பணம் குடுப்பாங்களான்னு கேக்கற. குடுப்பாங்க. 2001ல போட்ட நெடுஞ்சாலைச் சட்டம் இருக்கு. அதுல 15(2)னு நோட்டீசு வரும், ஆட்சேபணை இருந்தா சொல்லலாம். நீ பேசறதுக்கா ஆளு தேடணும், போய்ச் சொல்லு. ஆனா வெலை போடறவன் வழிகாட்டி மதிப்பைப் பாப்பான், அக்கம்பக்கத்துல வித்த பத்திரத்தையும் புரட்டுவான். அங்கதான்டா வேடிக்கை. கடை வாங்கினப்ப ஸ்டாம்பு செலவு மிச்சம்னு பாதி வெலையைப் பத்திரத்துல எழுதி, மீதியை மஞ்சப்பையில குடுத்தது யாரு? சாட்சிக் கையெழுத்து போட நானும்தானே கூட நின்னேன். பத்திரம் எழுதறவரே, "கொஞ்சம் ஏத்திப் போடுங்க சார்"னாரு. நீ என்னைப் பாத்துக் கண்ணடிச்சே. உன் வரிசையில இருக்கிற அத்தனை பேரும் அதே கண்ணடிச்ச பசங்கதான். எந்தப் பத்திரத்தைப் புரட்டினாலும் அதே அரை வெலைதான் இருக்கும். கோர்ட்டுல போய், "ஐயா, நான் அன்னிக்குக் கவருமெண்டை ஏமாத்தினேன், அந்தப் பாதியையும் சேத்துக் குடுங்க"ன்னு கேளேன். வக்கீலு நான் பாத்து விடறேன்.

அப்புறம் அந்த மூணு படி, தகரச் சார்ப்பு, வண்டி ஏத்தற சிமெண்டுச் சரிவு. அதுக்கெல்லாம் காசு கேட்டுடாதே. அது ரோடு உனக்குக் குடுத்த கைமாத்து. மொதல்ல ஒரே படிதான் இருந்துச்சு. பழைய தாரைச் சொரண்டாம மேல மேல ஊத்தினாங்க, ரோடு ஒசந்துச்சு, நீயும் படியை ஒசத்தினே. ஒசத்தினது ஞாயம். வெளியே தள்ளினது?

பாலம்னா உங்களுக்கெல்லாம் வண்டி மட்டும்தான் ஞாபகம் வருது. ஏரித் தண்ணி பள்ளிக்கரணைச் சதுப்புக்கு எறங்கற வழியில அகலமா ஒரு சிறுபாலம் வேணும்னு எவனாவது மைக்கு புடிச்சீங்களா? ஐப்பசியில அந்தத் தண்ணி உன் கடைக்குள்ளாற வந்து படுக்கும். அப்ப மட்டும் பேட்டி குடு.

இனிமே படி வெச்சா இரும்புல பண்ணி, அடியில சக்கரம் வை. அளக்க வந்தா உள்ள இழு, போனதும் வெளிய தள்ளு. நாளைக்கு உன் கடை முன்னாலயும் மேம்பாலம் வந்துட்டா, கடை போர்டை அதும் ஒசரத்துக்குத் தூக்கி மாட்டு. மேல போறவன் உன் பிரியாணியைப் பாத்து எச்சி ஊறி, எங்க எறங்கறதுன்னு தெரியாம தாம்பரத்துக்குப் போய்ச் சேருவான். அங்க உன் மச்சினனை இப்பவே ஒரு கடை புடிக்கச் சொல்லு. பத்திரத்துல மட்டும் முழு வெலையை எழுதுங்கடா.