லைட்டு போடுற பேராண்டிக்கு

ஏம்பா பேராண்டி, டெல்லி தேசிய நாடகப் பள்ளியில மூணு வருசம் லைட்டு போடப் படிச்சிட்டு வந்திருக்கியாமே. ரொம்ப சந்தோசம். எங்க கூத்துக்கு ரெண்டு பெட்ரோமாக்ஸ்தான். பம்ப் அடிச்சு விட்டா விடிய விடிய துரியோதனனும் தெரிவான், முன்வரிசையில குறட்டை விடுற நாட்டாமையும் தெரிவாரு. நீ என்னடான்னா 512 சேனல், கியூ, ஃபேடுங்குற. கேக்கவே காது குளிருது.

கார்டுல 'ஒளி வடிவமைப்பாளர்'னு அச்சடிச்சிட்டல்ல? அப்புறம் என்ன, சபாக்காரங்க நாளைக்கே வாசல்ல வரிசை கட்டி நிப்பாங்க. ஒருவேளை வழி தெரியாம நின்னுட்டாங்கன்னா, லைட்டு வாடகைக்கு விடுறவரு கடைக்குப் போய் உக்காரு. ஊர்ல எந்த மேடையில எந்தத் தேதிக்கு என்ன நடக்குதுன்னு அவருக்குத்தான் தெரியும். கேபிள் சுத்தச் சொல்லுவாரு. 'நான் டிசைனர்'னு சொல்லிப் பாரேன், மரியாதையா டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வெச்சிருவாரு. திரும்பக் கூப்பிட மாட்டாரு, அவ்ளோதான்.

அரங்கேற்றம் வந்தா கேவலமா நெனைக்காத. மெட்ராஸ்ல நாடகத்தைவிட அதுலதான் நாலு காசு. பக்கத்துலேருந்து வெளிச்சம் விட்டா உடம்போட வளைவு நல்லாத் தெரியும். ஆனா முன்வெளிச்சத்தைக் கொறைச்சிட்டா கண்ணும் முத்திரையும் தெரியாது, குருவம்மா உன்னைத் தேடுவாங்க. காஞ்சிபுரத்துல பாத்துப் பாத்து எடுத்த செவப்புப் பட்டு மேல கலைநயத்தோட முழு நீலத்தை அடிச்சு வுடு. புடவை கருப்பாத் தெரியும். பாக்கிப் பணம் கேக்கப் போறப்போ ஆடுற பொண்ணோட அம்மா மூஞ்சியும் அதே நெறத்துல இருக்கும்! அதனால புடவை என்ன நெறம்னு மொதல்லயே கேட்டு எழுதிக்க. இதை எந்த சாப்ட்வேரும் உனக்குச் சொல்லாது.

15 ஆம்பியர் பிளக்குல ஆயிரம் வாட் லைட்டு மூணு தாங்கும். நாலாவதை மாட்டுறவன் தைரியசாலி. மண்டபம் முழுக்க இருட்டாக்கின பெருமையும் அவனுக்குத்தான்.

புது மூவிங் லைட்டு வாங்கினப்புறம்தான் தொழில்னு உக்காந்திருக்கியாம், உங்கப்பன் சொன்னான். கல்கத்தா மினர்வா தியேட்டர்ல 1959-ல உத்பல் தத் 'அங்கார்' நாடகம் போட்டாரு. நெலக்கரிச் சுரங்கத்துல தண்ணி ஏறித் தொழிலாளிங்க மூழ்கணும். மேடையில ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. அதுக்கு லைட்டு போட்ட தாபஸ் சென் வெறும் வெளிச்சத்தை வெச்சே வெள்ளத்தைக் கொண்டாந்துட்டாரு. பாவம், அவருக்கு உன்னாட்டம் லேப்டாப் இல்ல.

பணம் பேச வெக்கமா இருக்குமே உனக்கு, படிச்ச புள்ளையாச்சே. 'இப்ப பட்ஜெட் இல்ல தம்பி, நாலு பேருக்கு உன் பேரு தெரியும்'பாங்க. ரொம்பப் பணிவா கேளு: 'சரிங்கண்ணா, ஜெனரேட்டர்காரருக்கும் அதையேதான் குடுக்கிறீங்களா?'