இதுவும் அதுதான்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து மெடிக்கல் கடைக்காரரின் தொழிலறிவு முழுவதும் இரண்டு சொற்களில் அடங்கும். மருத்துவர் எழுதிய சீட்டை வாங்கி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒருமுறையும் கீழாக ஒருமுறையும் பார்த்து, பின்னாலுள்ள அடுக்கிலிருந்து சீட்டில் இல்லாத ஓர் அட்டையை உருவி, கத்தரியால் ஐந்து மாத்திரைகளை நறுக்கிக் காக்கி உறையில் போட்டுவிட்டு, "இதுவும் அதுதான்" என்பார். தெலுங்கு பேசும் ராஜுக்கள் வீட்டார் வந்தால் அதையே தெலுங்கில் சொல்வார். தலையசைப்பு மட்டும் மாறாது.

இச்சொற்களுக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஒரு மருந்துக்கு அதன் வேதிப்பொருளைக் குறிக்கும் மூலப்பெயர் ஒன்றும், அதை விற்கும் நிறுவனம் அட்டையில் அச்சிடும் வணிகப்பெயர் ஒன்றுமாக இரண்டு பெயர்கள் உண்டு. பாரசிட்டமால் என்ற ஒரே பொருள் எத்தனையோ வணிகப்பெயர்களில் உலவுவதால், காய்ச்சல் மாத்திரையைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரியே. அந்த ஓரிடத்தில் கிடைத்த தைரியத்தைக் கொண்டே மற்ற இடங்களுக்கும் அவர் அச்சொற்களை நீட்டினார் என்று கொள்ளலாம். 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை, விலை வரையறுக்கப்பட்ட மருந்துகளில் சில்லறை விற்பனையாளருக்கு 16 விழுக்காடு லாபமே அனுமதித்திருக்க, பெயர் கேள்விப்படாத நிறுவனத்தின் அட்டையோ 'ஸ்கீம்' எனப்படும், பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்ற ஏற்பாட்டோடு வருகிறது. மதுரையிலிருந்து சரக்கு வராத நாளில் அதுதான் கைக்கும் எட்டுகிறது. ஆனால் 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65(11ஏ) என்பது, அட்டவணை எச்-இல், அதாவது மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றின் பட்டியலில், உள்ள மருந்துக்குப் பதிலாக, அதே மூலப்பொருள் கொண்டதாயினும், வேறொன்றைத் தரலாகாது என்கிறது. அவ்விதிக்குக் கட்டுப்படுவதாக அவர் பெற்ற உரிமம் சட்டமிட்டுச் சுவரில் தொங்குகிறது. அதன்மேல் மருந்து நிறுவனம் ஒன்றின் நாட்காட்டி தொங்குகிறது.

வாடிக்கையாளரோடு நின்றிருந்தால் இப்பழக்கம் ஒரு வியாபார உத்தி என்ற அளவில் முடிந்திருக்கும். அவர் மனைவி குற்றாலம் போக வேண்டும் என்று கேட்டபோது, ஊருக்கு மேற்கேயுள்ள அய்யனார் அருவிக்கு அழைத்துப்போய், "அங்கயும் மலையிலருந்துதான் தண்ணி விழுது, இதுவும் அதுதான்" என்றார். ஸ்ரீரங்கம் கேட்டதற்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தேற்றினார். அரங்கநாதரே ஆண்டாளை மணக்க இங்கு வந்து ரங்கமன்னாராக நின்றார் என்பது தலபுராணம். ஒரே கருவறையில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் கருடனும் சேர்ந்து நிற்பதைக் காட்டி அதை விளக்குவார்கள். இவ்வாறு வைணவ மரபே அவர் கட்சியில் சேர்ந்துகொண்டதால் அந்த அம்மாளால் எதிர்த்து வாதாட முடியவில்லை. மாநில அரசின் முத்திரையில் இருப்பதாகச் சொல்லப்படும் கோபுரம் இதுவா, ஸ்ரீரங்கத்ததா என்று அவர் மேலும் கேட்டார். ஸ்ரீரங்கத்தின் இராஜகோபுரம் இதைவிட உயரம் என்பதை மட்டும் சொல்லவில்லை. மகன் கணினிப் பொறியியல் படிக்க விரும்பிக் கிருஷ்ணன்கோவிலிலுள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகத்தைச் சுட்டிக்காட்ட, தந்தை அதே ஊரில், அதே கலசலிங்கம் பெயரிலுள்ள மருந்தியல் கல்லூரியில் சேர்த்துவிட்டார். ஊர் ஒன்று, பேருந்து ஒன்று, பெயரும் ஒன்று என்ற பின் பையனுக்குச் சொல்ல என்ன மிச்சம்?

வீட்டார் நோயுறும்போது அவர்களுக்கு வாய்ப்பது 'ஷார்ட் எக்ஸ்பைரி' சரக்கு, அதாவது காலாவதிக்கு இரண்டொரு மாதமே மீந்திருக்கும் அட்டைகள். அவை ஒரு பெட்டியில் மாடிக்கு வந்துசேர, அவ்வீட்டில் இம்மாதம் யாருக்கு என்ன நோய் வரலாம் என்பதைப் பெரும்பாலும் அப்பெட்டியே தீர்மானிக்கிறது.

இத்தகையவர் விதிவிலக்கு அளிக்கும் பொருள் உலகில் ஒன்றே ஒன்று உண்டு. அது பால்கோவா. 2019இல் புவிசார் குறியீடு, அதாவது குறிப்பிட்ட ஊரில் விளைவதற்கோ செய்யப்படுவதற்கோ மட்டும் அப்பெயரைத் தரும் சட்டப் பாதுகாப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குக் கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் தம்மளவில் அதை வழங்கிவிட்டார். ராஜபாளையத்திலேயே வாங்கிவந்த பால்கோவாவை மைத்துனர் நீட்டியபோது, முகர்ந்து பார்த்து, அதே பால், அதே சர்க்கரை என்ற வாதத்தைக் காதிலேயே வாங்காமல், பன்னிரண்டு கிலோமீட்டர் பேருந்தில் போய், கோயிலருகே தாம் வழக்கமாக வாங்கும் கடையில் வரிசையில் நின்று அரைக்கிலோ வாங்கித் திரும்பினார். மூலப்பொருளைக் காட்டிலும் செய்யும் கை முக்கியம் என்று அன்று அவர் ஆற்றிய உரையை மருந்து விஷயத்தில் ஒருநாளாவது நினைத்துப் பார்த்திருக்கலாம்.

ஏனெனில் வலிப்புக்குத் தரும் பினைட்டாய்ன், தைராய்டு குறைவுக்குத் தரும் லெவோதைராக்சின், இரத்தம் உறையாதிருக்கத் தரும் வார்ஃபரின் போன்றவற்றில் அளவின் சிறு மாற்றமும் உடலைப் பாதிக்கக்கூடும் என்பதால், நிறுவனத்தை மாற்றும்போதுகூட மருத்துவர் கவனிக்க வேண்டியிருக்கிறது. இரத்த அழுத்தத்திற்கு அம்லோடிபின் உண்ணும் மில் தொழிலாளி ஓய்வுபெற்ற பின் தனியே வாழ்கிறார். பழைய அட்டையில் பாதி மிச்சமிருக்கையில் வேறு பெயரும் வேறு நிறமும் கொண்ட புதிய அட்டை வருகிறது. இரண்டையும் விழுங்கிக் கணுக்கால் வீங்கித் தலை சுற்றிக் கிடக்கிறார். இதுவும் அதுதான் என்று அவரிடம் சொல்லப்பட்டது. அதை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிட வேண்டும் என்று சொல்லப்படவில்லை. கத்தரிபட்ட துண்டில் மருந்தின் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. அவை அட்டையின் மறுபாதியில் கடையிலேயே தங்கிவிட்டன. இதில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை.

இருந்தும் அவரை வெறுக்க முடிவதில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வரும் மில்காரர் ஷட்டரைத் தட்டினால், மாடியிலிருந்து துண்டைத் தோளில் போட்டபடி இறங்கிவருவார். சல்பா மருந்து எந்த வீட்டு மருமகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது கோப்பு ஏதும் இல்லாமலே அவருக்கு நினைவிருக்கும். கடன் நோட்டில் மூன்றாண்டுக்கு முந்தைய பக்கங்களைப் புரட்டுவதும் இல்லை.

மகன் நான்காண்டு பட்டம் முடித்து, பதிவுபெற்ற மருந்தாளுநராகி, மதிய வேளைகளில் கடையைக் கவனிக்கிறான். சீட்டிலுள்ளது இல்லையென்றால் இல்லை என்கிறான். டாக்டரிடம் மாற்றி எழுதி வாங்கி வரச் சொல்கிறான். அட்டையின் எந்த ஓரத்தில் தேதி இருக்கிறதோ அந்த ஓரத்தை வாடிக்கையாளருக்கே கொடுக்கிறான். வந்தவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, உறையைக் கையில் வாங்காமல், வாசலில் கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டத் தொடங்குகிறார்கள். ஏன் என்று கேட்டால், "அப்பா சாப்பிட்டு வரட்டும் தம்பி, அவரு கையால குடுத்தாத்தான் எங்களுக்குக் கேக்குது" என்கிறார்கள்.