கச்சான் காற்றும் கட்டளை அதிகாரியும்

ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் கிடுகு வேய்ந்த கொட்டகை ஒன்று பற்றிக்கொண்டால், தீயை அணைக்கும் அதிகாரம் யாருக்கு? 1985-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: வந்திறங்கும் அலுவலருக்கு. கூட்டத்தை விலக்கலாம், தெருவை அடைக்கலாம், குழாய் போக வழியில்லை என்றால் சுவரையும் இடிக்கலாம்.

வண்டி வந்து சேரும்வரை அந்த அதிகாரம் தெருவில் நிற்கும் எல்லோருக்கும் உண்டு என்பது ஊர்ச் சட்டம். "மணலை அள்ளிப் போடு மாப்ளே!" என்பார் சம்மாட்டி. "முதல்ல ஓலையைப் பிரிச்சு எறிங்கடா!" என்பார் பெரியப்பா. ஆணையிட நாற்பது பேர், வாளி இரண்டு. அதில் ஒன்று ஓட்டை. யார் பேச்சையும் கேட்காத கச்சான் காற்று அதற்குள் அடுத்த கூரைக்குப் போயிருக்கும்.

சுற்றிலும் கடல் என்று ஆறுதல் வேறு. கடல் தானாக வாளிக்குள் ஏறாது.

தடுப்பு விதியா? வலைக்குப் பக்கத்தில் டீசல் கேன், கேனுக்குப் பக்கத்தில் பீடி. 'புகை பிடிக்காதீர்' பலகையும் இருக்கிறது; அதன் மறைவில்தான் காற்றுக்குத் தீக்குச்சி அணையாது.

எண் 101. மச்சானைக் கூப்பிடும் முன் அதைக் கூப்பிடுங்கள்.